வீடு திரும்பும் மீன்கள்



மும்பை, தில்லி, பெங்களூரு போன்ற நகரங்களில் வாழும் நமது தமிழ் சபைக் குடும்பங்கள் பலவற்றில் இன்று ஒரு மகனோ மகளோ அமெரிக்க தேசத்தில் வேலை செய்கிறார்கள். கோடைகாலத்தில் அவர்களைக் காணச் செல்லும் பெற்றோர் நயாகரா நீர்வீழ்ச்சியையும் சிகாகோ நகரத்தின் உயர்ந்த கட்டடங்களையும் கண்டு திரும்புகிறார்கள். அவர்களில் சிலரைப் பிள்ளைகள் மிச்சிகன் ஏரியில் மீன்பிடிக்கவும் அழைத்துச் செல்கிறார்கள். ஒரு குடும்பம் முழுவதும் ஒரு படகை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு, சால்மன், ட்ரௌட் என்னும் மீன்களைப் பிடிக்க ஒரு நாள் காலையைச் செலவிடும் வழக்கம் அது. விசுவாசிகள் இப்படிப்பட்ட பொழுதுபோக்கில் கலந்துகொள்ளலாமா, அதனால் குடும்பத்துக்கு ஏதேனும் பிரயோஜனம் உண்டா என்னும் கேள்விகள் எழுகின்றன. அந்த ஏரியையும் அந்த மீன்களையும் குறித்து அறிந்துகொண்டால், நமது பிள்ளைகளைக் குறித்த மிக முக்கியமான ஒரு காரியத்தையும் நாம் கற்றுக்கொள்ளலாம்.

ஏரி என்னும் கடல்

ஏரி என்றவுடன் நமது மனக்கண்ணில் தோன்றுவது ஊர்ப்புறத்துக் கரையும் மதகும். மிச்சிகன் ஏரி அத்தகையதன்று. வடக்கு தெற்காக அதன் நீளம் ஏறக்குறைய 490 கிலோமீட்டர். அகலம் மிகுந்த இடத்தில் 190 கிலோமீட்டர். மிக ஆழமான இடத்தில் 281 மீட்டர். ஒரு கரையில் நின்றால் மறுகரை தெரியாது. அலையும் புயலும் உண்டு. உப்பு மாத்திரம் இல்லை. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவே அமைந்த ஐந்து பேரேரிகளில் இது ஒன்றே முழுவதும் அமெரிக்க எல்லைக்குள் இருக்கிறது. மிச்சிகன் மாநிலத்தின் லடிங்டன், மனிஸ்டீ, கிராண்ட் ஹேவன் ஆகிய துறைமுகங்களிலும், விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி, ரசீன், ஷெபாய்கன், அல்கோமா ஆகிய துறைமுகங்களிலும் மீன்பிடி வாடகைப் படகுகள் உண்டு.

நமது ஆண்டவர் தமது ஊழியத்தின் பெரும்பகுதியை நிறைவேற்றியதும் ஒரு நன்னீர் ஏரியின் கரையிலேதான் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. கலிலேயாக் கடல் என்று வேதம் அழைப்பது ஏறக்குறைய 21 கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் ஏரியே. அங்கே செபெதேயு தன் குமாரர் இருவரோடும் கூலியாட்களோடும் ஒரே படவில் தொழில் செய்தான் என்று மாற்கு முதலாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். தகப்பனும் பிள்ளைகளும் அருகருகே அமர்ந்து வலை பழுதுபார்த்த அந்தப் படவிலிருந்துதான் இரண்டு அப்போஸ்தலர்கள் அழைக்கப்பட்டார்கள்.

படகில் நடப்பது என்ன?

சிறிய வாடகைப் படகுகள் பொதுவாக ஆறு பயணிகளை ஏற்றிக்கொள்ளும். அதைச் செலுத்தும் மாலுமி அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் உரிமம் பெற்றவராய் இருக்கவேண்டும். அவருக்குத் துணையாக ஓர் உதவியாளரும் இருப்பதுண்டு. விடியுமுன்னே புறப்பட்டால் நண்பகலுக்குள் கரை திரும்பலாம். மிச்சிகன் மாநிலத்தில் 17 வயதும் அதற்கு மேற்பட்டவர்களும் மீன்பிடி உரிமச் சீட்டு வாங்கவேண்டும். ஒருவர் ஒரு நாளில் எத்தனை மீன் எடுக்கலாம் என்பதற்கு ஒவ்வொரு மாநிலமும் வரம்பு விதித்திருக்கிறது.

சால்மன் குளிர்ந்த நீரை நாடும் மீன். கோடையில் ஏரியின் மேற்பரப்பு வெதுவெதுப்பானதும் அது ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. ஆகையால் மாலுமி முதலில் தேடுவது தண்ணீரின் குளிர்ச்சியை. ஏறக்குறைய 10 முதல் 13 பாகை செல்சியஸ் வரை குளிர்ந்த நீர் எந்த ஆழத்தில் இருக்கிறதென்று கருவியினால் அறிந்து, நாலைந்து கிலோ எடையுள்ள ஈயக் குண்டைக் கம்பியில் கட்டி அந்த ஆழத்துக்கு இறக்குகிறார். தூண்டில் நரம்பு அந்தக் கம்பியில் ஒரு கவ்வியினால் பிணைக்கப்பட்டிருக்கும். நரம்பின் நுனியில், கரண்டியின் குழிவைப் போன்ற பளபளக்கும் உலோகத் தகடு, சிறுமீன் நீந்துவதுபோல அசைந்துகொண்டு வரும். படகு மனிதன் நடக்கும் வேகத்தில் மெல்லச் செல்லும். மீன் தகட்டைப் பற்றியவுடன் நரம்பு கவ்வியிலிருந்து விடுபட்டு, வளைந்திருந்த தூண்டிற்கோல் சட்டென நிமிர்ந்து, பிறகு மீனின் பாரத்தினால் ஆழமாய் வளையும்.

அப்பொழுது யாருடைய முறை என்று முன்னதாகவே குடும்பத்தார் தீர்மானித்திருப்பார்கள். பாட்டனாரின் முறையானால் பாட்டனார் கோலைப் பிடிப்பார். எட்டு வயதுப் பேத்தியின் முறையானால், தகப்பன் அவள் பின்னால் நின்று இடுப்பைத் தாங்கிக்கொள்ள, அவளே ரீலைச் சுற்றுவாள். சினூக் என்னும் பெரிய வகை சால்மன் ஐந்து, எட்டு, பத்து கிலோ எடைக்கும் வளரும். 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் லடிங்டன் அருகே பிடிபட்ட ஒன்று 47.86 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 21.7 கிலோ எடையோடு மிச்சிகன் மாநிலத்தின் சாதனையாயிற்று.

இத்தகைய மீன் தூண்டிலில் சிக்கியவுடன் நூறு மீட்டர் தூரம்கூட ஓடிவிடும். அப்பொழுது ரீலை இறுக்கிப் பிடித்தால் நரம்பு அறுந்துபோகும். முற்றிலும் தளரவிட்டால் மீன் கொக்கியை உதறிவிட்டுப் போய்விடும். ஓடும்போது ஓடவிட்டு, பாரத்தை மாத்திரம் விடாமல் வைத்திருந்து, அது களைத்துத் திரும்பும்போது சுற்றவேண்டும். வாலிப வயதுப் பிள்ளைகளை உடைய பெற்றோருக்கு இதற்கு மேல் நான் விளக்கவேண்டியதில்லை.

கரையை விட்டு விலக விலகக் கைப்பேசித் தொடர்பும் மங்கிவிடும். ஐந்தாறு மணிநேரம் மூன்று தலைமுறையினர் ஒருவரையொருவர் விட்டு விலக இடமில்லாமல் அமர்ந்திருக்கிறார்கள். மீன் கடிக்காத நேரமே அதிகம். அந்த நேரத்தில்தான் பேரன் பாட்டனாரிடம் அவருடைய வாலிப நாட்களைக் குறித்துக் கேட்கிறான்.

மனிதன் கெடுத்த ஏரி

இந்தச் சால்மன் மிச்சிகன் ஏரியின் பூர்வீக மீனன்று என்பதை அநேகர் அறியார்கள். ஆதியில் அங்கே ஆட்சி செய்தது ஏரி ட்ரௌட் என்னும் மீன். மனிதர் அதை அளவுக்கு மிஞ்சிப் பிடித்தார்கள். நயாகரா நீர்வீழ்ச்சியைச் சுற்றிக் கப்பல்கள் செல்லும்படி வெட்டப்பட்ட வெல்லண்ட் கால்வாய், கப்பல்களுக்கு மாத்திரமல்ல, லாம்ப்ரே என்னும் ஒட்டுண்ணிக்கும் வழியாயிற்று. விலாங்கைப் போன்ற உடலும், தாடையில்லாத வட்ட வாயும், அதில் வரிசை வரிசையான பற்களும் உள்ள இந்தப் பிராணி, பெரிய மீன்களின் விலாவில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். 1936-இல் மிச்சிகன் ஏரியில் இது முதன்முதலாகக் காணப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் ஏரி ட்ரௌட் அங்கே அற்றுப்போயிற்று.

பெரிய மீன் ஒழிந்ததும், ஏல்வைஃப் என்னும் சிறுமீன் பெருகியது. இதுவும் அந்நிய மீன். 1949-இல் இந்த ஏரியில் காணப்பட்டது. தின்பாரில்லாமல் பெருகி, 1967-ஆம் ஆண்டு கோடையில் கோடிக்கணக்கில் செத்து மிதந்து, சிகாகோ வரைக்கும் கரைகளில் குவிந்து நாறியது.

இதற்குள் இரண்டு காரியங்கள் நடந்தேறியிருந்தன. ஏறக்குறைய 6,000 இரசாயனங்களைச் சோதித்த ஆராய்ச்சியாளர்கள், 1950-களின் இறுதியில், லாம்ப்ரேயின் குஞ்சுகளை மாத்திரம் பெரும்பாலும் அழிக்கும் ஒரு மருந்தைக் கண்டறிந்தார்கள். அது இன்றும் ஆறுகளில் பயன்படுத்தப்படுகிறது. மேலும், 1964-இல் மிச்சிகன் மாநில மீன்வளப் பிரிவின் தலைவரான ஹோவர்ட் டானர், பசிபிக் கடற்கரையிலுள்ள ஒரேகான் மாநிலத்திலிருந்து கோஹோ சால்மனின் முட்டைகளைப் பெற்று, பொரித்து, 1966-ஆம் ஆண்டு வசந்தகாலத்தில் குஞ்சுகளை ஆறுகளில் விடச் செய்தார். மறு ஆண்டு சினூக் வகையும் விடப்பட்டது. சிறுமீனைத் தின்று சால்மன் வளர்ந்தது. துறைமுக ஊர்கள் பிழைத்தன. வாடகைப் படகுத் தொழிலும் செழித்தது.

இந்தக் கதை இத்துடன் சுகமாய் முடியவில்லை. அயல்நாட்டுக் கப்பல்களின் அடிநீரோடு வந்து சேர்ந்த சிப்பியினங்கள் ஏரியின் நுண்ணுயிர் உணவை வடிகட்டி உண்டுவிட்டன. அடுத்துள்ள ஹூரன் ஏரியில் 2003, 2004-ஆம் ஆண்டுகளில் ஏல்வைஃப் மீன் வீழ்ச்சியடைய, அதை நம்பியிருந்த சினூக்கும் வீழ்ந்தது. அந்தக் கரையில் பல படகுக்காரர் தொழிலை இழந்தார்கள். அத்தகைய நிலை மிச்சிகன் ஏரிக்கும் வராதபடி, 2013-இல் அங்கே விடப்படும் சினூக் குஞ்சுகளின் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கப்பட்டது. ஆதியிலே தேவன் மனிதனிடம் ஒப்புவித்தது ஆளுகையை. அதோடு காக்கும் பொறுப்பையும் ஏதேனில் கொடுத்தார் (ஆதியாகமம் 2:15). ஒரு கால்வாயின் இலாபத்தைக் கணக்கிட்டவர்கள் அதன் வழியே நுழையப் போவதைக் கணக்கிடவில்லை. நமது வீடுகளுக்குள் நாம் திறந்துவிடும் வழிகளையும் இப்படியே நிதானித்துப் பார்ப்பது நலம்.

தென்றல் வீசிய பின்பு

1967-ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில், முந்தைய ஆண்டு விடப்பட்ட கோஹோ மீன்கள் பெரிதாய் வளர்ந்து பிளாட் ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகே திரண்டு வந்தன. செய்தி பரவியது. ஆயிரக்கணக்கானோர் சிறு படகுகளைக் கொண்டுவந்து தண்ணீரில் இறக்கினார்கள். செப்டம்பர் 23-ஆம் தேதி புயல் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தும் அநேகர் ஏரிக்குள் சென்றார்கள். காற்று எழும்பி, அலை உயர்ந்து, படகுகள் கவிழ்ந்தன. அன்று ஏழு பேர் உயிரிழந்தார்கள்.

அப்போஸ்தலர் நடபடிகள் 27-ஆம் அதிகாரத்தை நன்றாய் அறிந்த நமக்கு இது புதிய செய்தியன்று. பவுல் முன்னதாகவே எச்சரித்தான். தென்றல் மெதுவாய் வீசியதைக் கண்டு, தங்கள் எண்ணம் நிறைவேறிவிட்டதென்று அவர்கள் நினைத்தார்கள். சற்று நேரத்துக்குள் யூரோக்கிலித்தோன் கப்பலின்மேல் மோதிற்று. ஆகையால் மாலுமி ஒருவர் அதிகாலையில் வானத்தையும் வானிலை அறிக்கையையும் பார்த்து, இன்று போகவேண்டாம் என்று சொன்னால், நாள் வீணாயிற்றே என்று அவரோடு வாதாடாமல் நன்றி சொல்லித் திரும்பிவிடுங்கள்.

ஆற்றின் வாசனை

இனி நான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய காரியத்துக்கு வருகிறேன். ஏரியில் மூன்று, நான்கு ஆண்டுகள் சுற்றித் திரிந்த சினூக் சால்மன், தன் காலம் வந்தபோது, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கரையோரத்தில் பல ஆறுகளிருக்க, பெரும்பாலும் தான் குஞ்சாய் இருந்த அதே ஆற்றின் வாயைத் தேடிச் செல்கிறது. அந்த ஆற்றில் ஏறி, முட்டையிட்டு, மரிக்கிறது. வழி எப்படித் தெரிகிறது?

இதற்கு விடை தேடியவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்தர் ஹாஸ்லர். தாம் பிறந்து வளர்ந்த யூட்டா மாநிலத்து மலையொன்றில் ஏறிச் செல்லும்போது, அருவியோரத்துப் பாசியின் வாசனையும் மலைப் பூக்களின் வாசனையும் காற்றில் வந்ததாம். உடனே, நெடுநாளாய் மறந்திருந்த பிள்ளைப்பருவ நண்பர்களும் அவர்களுடைய பெயர்களும் அவர் நினைவுக்கு வந்தார்களாம். மீனுக்கும் இப்படித்தானோ என்று அவர் சிந்தித்தார். ஒவ்வோர் ஆற்றுக்கும் அதன் மண்ணினாலும் செடிகொடிகளினாலும் உண்டாகும் தனி வாசனை உண்டு. குஞ்சு அதை மனதில் பதித்துக்கொள்கிறது என்பதே அவருடைய கருத்து.

1970-களில் ஹாஸ்லரும் அவருடைய உடன் ஆராய்ச்சியாளர்களும் இதை மிச்சிகன் ஏரியிலேயே சோதித்தார்கள். பொரிப்பகத்திலிருந்த கோஹோ குஞ்சுகளின் ஒரு கூட்டத்துக்கு, இயற்கையில் அந்த நீரில் இல்லாத ஓர் இரசாயனத்தின் மிக மிக நுண்ணிய அளவைத் தண்ணீரில் கலந்து காட்டினார்கள். மற்றொரு கூட்டத்துக்கு வேறோர் இரசாயனத்தை. சில வாரங்களுக்குப் பின் இரண்டு கூட்டங்களையும் ஏரியில் விட்டார்கள். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு கழித்து, அவை திரும்பும் காலத்தில், ஓர் ஆற்றில் முதலாம் இரசாயனத்தையும் மற்றோர் ஆற்றில் இரண்டாம் இரசாயனத்தையும் கலந்தார்கள். மீன்கள் தங்களுக்குரிய வாசனையுள்ள ஆற்றையே நாடி வந்தன.

இன்றும் அந்தக் கரைகளில், பொரிப்பகத்திலிருந்து வரும் குஞ்சுகளை உடனே ஏரியில் விட்டுவிடாமல், ஆற்றுவாயிலோ துறைமுகத்திலோ கட்டிய வலைக்கூண்டுகளில் சில வாரங்கள் வைத்து உணவிட்டு வளர்க்கும் வழக்கம் உண்டு. உள்ளூர் மீன்பிடிச் சங்கங்களின் தன்னார்வலர்கள் முறைவைத்துக் கூண்டண்டை வந்து இரை போடுகிறார்கள். அந்தச் சில வாரங்களே அந்த மீனின் வாழ்நாள் முழுவதற்கும் வழியைத் தீர்மானிக்கின்றன. அந்தக் காலம் கடந்துபோனால் எவ்வளவு இரை போட்டாலும் அந்தப் பதிவு உண்டாகாது.

நம் பிள்ளைகளின் ஆறு எது?

பிரியமானவர்களே, இங்கே சற்று நில்லுங்கள். இந்த மீன்களின் வம்சம் ஒரேகானிலிருந்து வந்தது. ஆனாலும் அவை ஒரேகானைத் தேடிப் போவதில்லை. முன்னோரின் ஆறு எதுவென்று அவற்றுக்குத் தெரியாது. தங்கள் இளம்பருவத்தில் எந்தத் தண்ணீரில் வைக்கப்பட்டனவோ, அந்தத் தண்ணீரே அவற்றுக்கு வீடு.

நம்மில் அநேகர் நாகர்கோவிலிலிருந்தோ, திருநெல்வேலியிலிருந்தோ, தூத்துக்குடியிலிருந்தோ பிழைப்புக்காக வடக்கே வந்தவர்கள். நமது பிள்ளைகளோ தாராவியிலும் டோம்பிவிலியிலும் தில்லியின் குடியிருப்புகளிலும் பிறந்தவர்கள். “பிள்ளைகளுக்கு ஊர்ப் பற்றே இல்லை, பாஸ்டர். தமிழ் ஆராதனைக்கு வரமாட்டேன் என்கிறார்கள்” என்று கண்ணீரோடு சொல்லும் தாய்மார்களை ஊழியப் பாதையில் நான் கண்டுவருகிறேன். அந்தக் கண்ணீர் நியாயமானதே. ஆனால், நாம் பிறந்த ஊரின் வாசனை அவர்களுக்குள் இல்லாதது அவர்களுடைய குற்றமன்று. அவர்கள் அந்தத் தண்ணீரில் வைக்கப்படவில்லை. அவர்கள் வைக்கப்பட்ட தண்ணீர் நமது இந்த இரண்டு அறை வீடுதான். இந்த வீட்டுக்கு என்ன வாசனை என்பதே கேள்வி.

மோசே பார்வோனின் அரண்மனைக்குப் போகுமுன் சில ஆண்டுகள் மாத்திரம் தன் தாயின் மடியில் இருந்தான். எகிப்தின் சகல கலைகளும் அதன்பின் கற்பிக்கப்பட்டன. ஆனாலும் அவன் வளர்ந்தபோது தன் சகோதரரண்டைக்கே போனான். தானியேல் பாபிலோனில் முதிர்வயதானபோதும் அவன் அறையின் பலகணிகள் எருசலேமை நோக்கியே திறந்திருந்தன. தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன். ஆயினும் பாட்டி லோவிசாளும் தாய் ஐனிக்கேயாளும் சிறுவயதிலேயே பதித்தது அவனுக்குள் நிலைத்திருந்தது.

அதிகாலையில் தகப்பன் முழங்காற்படியிட்டுப் பிள்ளையின் பெயரைச் சொல்லி ஜெபிக்கும் சத்தம். சமையலறையில் தாய் மெல்லப் பாடும் கீர்த்தனை. சனிக்கிழமை இரவு ஞாயிறு ஆராதனைக்காகத் தேய்த்து வைக்கப்படும் உடைகள். காணிக்கைக்கென்று தனியே எடுத்து வைக்கப்படும் பணம். பண நெருக்கத்திலும் வீட்டுக்கு வந்த ஊழியருக்குப் பரிமாறப்படும் ஒரு தட்டுச் சோறு. இவைகளே அந்த வாசனை. அதைத் தமிழிலேயே கொடுங்கள்; நமக்கு இருதயத்திலிருந்து ஜெபிக்கத் தெரிந்த மொழி அதுவே. பின்னாளில் பிள்ளை ஆங்கில சபையில் ஆராதித்தாலும், துன்பம் வரும் நாளில் நினைவுக்கு வருவது அந்த ஜெப சத்தமாயிருக்கும். அதே சமயம் நமது வீட்டில் இரவுதோறும் தொலைக்காட்சிச் சண்டைகளும், தகப்பன் தாயை ஏசும் சத்தமும், மற்ற விசுவாசிகளைக் குறித்த புறங்கூறலும் இருந்தால், அவையும் பதிகின்றன என்பதை மறவாதிருங்கள்.

வெகுதூரம் போய்விட்ட பிள்ளைகளை உடைய பெற்றோர் இதை வாசித்து மனமடிய வேண்டாம். மீனுக்குக் காலம் கடந்தால் கடந்ததுதான். மனிதனுக்கோ கிருபையின் வாசல் திறந்திருக்கிறது. லூக்கா 15-ஆம் அதிகாரத்தின் இளைய குமாரன் பன்றிகளின் நடுவே நினைத்துக்கொண்டது தகப்பன் வீட்டு அப்பத்தை. நினைத்துக்கொள்ள ஓர் அப்பம் அந்த வீட்டில் இருந்தது. தகப்பனும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

செல்வோருக்குச் சில ஆலோசனைகள்

மிச்சிகன் ஏரிக்குச் செல்ல வாய்ப்புள்ளவர்கள் சனிக்கிழமையைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆராதனை நாளை இதற்காக இழக்கவேண்டாம். பயணிகள் மதுபானம் கொண்டுவர அனுமதிக்கும் படகுகள் உண்டு. ஆகையால் மற்றவரோடு சேராமல் உங்கள் குடும்பமாகவே ஒரு படகை அமர்த்திக்கொள்வது நல்லது. கோடையிலும் விடியற்காலக் காற்று குளிராயிருக்கும். முதியோருக்குக் கம்பளி உடை அவசியம். அலையினால் தலைசுற்றல் வரக்கூடியவர்கள் மருத்துவரைக் கேட்டு முன்னிரவிலேயே மாத்திரை எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் உயிர்காப்பு அங்கியைக் கழற்றக் கூடாது. பிடித்த மீனைப் படகிலோ துறையிலோ சுத்தம்செய்து துண்டுபோட்டுக் கொடுப்பார்கள். வயது முதிர்ந்த பெரிய மீன்களின் கொழுப்பில் தொழிற்சாலை இரசாயனங்கள் தங்கியிருப்பதால், எந்த மீனை எவ்வளவு உண்ணலாமென்று மாநில அரசுகள் அறிவித்திருக்கின்றன. கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் அதைக் கட்டாயம் கவனிக்கவேண்டும். தோலையும் கொழுப்பையும் நீக்கிச் சமையுங்கள்.

அங்கே செல்ல இயலாத நம்மில் பெரும்பாலோருக்குக் குறைவொன்றுமில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கைப்பேசிகளை வீட்டில் வைத்துவிட்டு, பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் பக்கத்திலுள்ள கடற்கரைக்கோ பூங்காவுக்கோ போய், எடுத்துச் சென்ற புளிச்சோற்றைப் பகிர்ந்து உண்டு, ஒரு பாட்டுப் பாடி ஜெபித்துத் திரும்புங்கள். உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில், இராமுழுதும் ஒன்றும் அகப்படாமல் சோர்ந்த ஏழு சீஷருக்குக் கரிநெருப்பில் மீனும் அப்பமும் ஆயத்தம்பண்ணி வைத்திருந்தார். பேதுருவோடு பேசவேண்டிய கடினமான காரியத்தை, அவர்கள் உண்டு முடித்த பின்பே பேசினார். பிள்ளைகளோடு பேசவேண்டிய கடினமான காரியங்கள் உங்களுக்கும் இருக்கலாம். முதலில் சேர்ந்து உண்ணுங்கள்.

ஜெபம்: பரலோகப் பிதாவே, எங்கள் வீடுகளில் உமது சமுகத்தின் வாசனை நிறைந்திருக்கும்படி கிருபை தாரும். எங்களிடத்தில் பிள்ளைகள் இருக்கும் இந்தக் குறுகிய காலத்தை நாங்கள் வீணாக்காதபடி பரிசுத்த ஆவியானவர் எங்களை நடத்துவாராக. தூரத்திலிருக்கும் ஒவ்வொரு மகனையும் மகளையும் உம்மண்டைக்குத் திருப்பிக்கொண்டு வாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம், எங்கள் நல்ல பிதாவே. ஆமென்.